நீளச் சாம்பல்

நேற்று அஜக்ஸ் நகரில் பக்கத்து வீட்டு அண்ணை சுருட்டைப் பற்றவைத்ததும், அந்தக் காரமான மணம் என்னை எழுபதுகளில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் குளிர்ந்த பல்கனிக்கு இழுத்துப் போனது. சுருட்டுச் சாம்பல் நீண்டால்தான் புகை சூடில்லாமல் வரும் என்று நம்பிய அப்பா, அது உதிர்ந்துவிடாதபடி பேசாமல், தலையசைக்காமல் கதிரையில் இருப்பார். ஞாயிறுதோறும் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகக் காத்திருக்கும் அவரிடம் அந்த நேரம் பார்த்துத்தான், "அப்பா, நான் சிநேகிதியோட ஸ்கேற்றிங் போறன், என்ன?" என்று கேட்டு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். அவர் தனியே நடந்துபோவார்.

அண்ணை சிரித்துச் சிரித்துக் கதைத்தார். விரலளவு சாம்பல் அப்படியே நின்றது.

"விழாதோ அண்ணை?"

"உது லேசிலை விழாது, தங்கச்சி."

அப்படியென்றால், அப்பா வேண்டாமென்று தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை.