அப்பாவுக்கு ஆஃப்

1. வியாழன் மாலை அப்பா ஃபோனில், "நாளைக்கு எனக்கு ஆஃப். ஒன்னய பாக்க வாரேன் தாயி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு" என்றார்.
2. அரை நாள் வேலை முடிந்து மத்தியானம் வருவார் என்று நினைத்தேன்.
3. காலை ஒன்பது மணிக்கே விருதுநகரில் வந்து இறங்கிவிட்டார்.
4. என் ஃபோன் நான் வேலை பார்க்கும் லேப் வாசலில், அணைத்து வைத்த நிலையில் இருந்தது.
5. ஒன்றரைக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, அவர் ஒரு மணி பஸ்ஸில் திரும்பியிருந்தார்.

டீக்கடைக்காரர் ஒரு சேவுப் பொட்டலத்தை நீட்டினார். "நீங்கதான் அந்தப் பெரிய ஆபீசரா? ஒங்கப்பா காலையிலருந்து அங்கனயே நின்னாக. மக வந்தா குடுங்கன்னாக."

ஆங்கிலத்தில் அரைக்கு ஒரு சொல், விடுமுறைக்கு வேறு சொல். எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் இரண்டும் ஆஃப்தான். லைட் ஆஃப், முட்டை ஆஃப்பாயில், மழை பெய்தால் கம்பெனி ஆஃப். நான் வீட்டில் இருந்தவரை அப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் வெள்ளிக்கிழமை அரை நாள். இப்போது முழு நாளும் விடுகிறார்களாம். அது எனக்குத் தெரியாது. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு வந்தபின், ஐந்து மாதமாக நான் ஊருக்குப் போகவில்லை.

ராத்திரிக்குள் அம்மா கூப்பிட்டாள்.

"அப்பா வர்றாகன்னு தெரிஞ்சே ஃபோன ஆஃப் பண்ணிட்டயில்ல? அம்புட்டுக் கோவமாடி?"

"லேப்ல எல்லாருமே ஆஃப் பண்ணிக் குடுக்கணும்மா. அப்பா ஆஃப்னு சொன்னாக, நான் அரை நாள்னு..."

"படிச்ச புள்ள. காலையிலயா மத்தியானமான்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போவ?"

கேட்டிருக்கலாம். சண்டைக்குப் பின் அவரோடு நீட்டிப் பேசப் பயந்து, "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். அவரும் தினமும் தன் கம்பெனி வாசலில் ஃபோனை அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். அன்று அது அவர் நினைவுக்கு வரவில்லை போலும்.

"மாப்பிள்ள வீட்டுக்கு வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாக. அத ஒங்கிட்ட நேர்ல சொல்லத்தான் வந்தாக," என்றாள் அம்மா. "வந்ததுலருந்து ஆளே ஆஃப் ஆயிக் கெடக்காக."

இந்த ஆஃப்புக்கு நான் விளக்கம் கேட்கவில்லை.

இப்போது அப்பா என் ஃபோனை எடுக்கிறார். "ம்" என்று கேட்டுக்கொண்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். வரும் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக, லேப்பில் முழு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.