பத்து எண்ணுவதற்குள்

எறிந்து பிடித்து ஆடும் அந்த வட்டு வெள்ளை பிளாஸ்டிக்கால் ஆனது. சாப்பாட்டுத் தட்டின் அகலம், விளிம்பில் எங்கள் வீட்டு நாய் கடித்த தடம். சென்னையில் பொறியியல் படித்தபோது வெளிநாட்டு மாணவன் ஒருவன் கொடுத்ததைத் தம்பி ஊருக்குக் கொண்டுவந்திருந்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி ஆசிரியன். அவன் ராஜபாளையத்தில் ஐயாவின், எங்கள் அப்பாவின், விசைத்தறிக்கூடத்தைக் கவனித்துவந்தான். மாலையில் என் மாணவர் சிலரையும் சேர்த்துக்கொண்டு கல்லூரித் திடலில் ஆடுவோம்.

திடலின் இரு முனைகளிலும் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அப்பால் ஓடிச் சென்று வட்டைப் பிடித்தால் புள்ளி. கையில் வட்டு இருப்பவன் ஓடக் கூடாது. எதிரே மறிப்பவன் பத்து எண்ணி முடிப்பதற்குள், நின்ற இடத்திலிருந்தே எறிந்துவிட வேண்டும். கோட்டை நெருங்கியபின் செய்ய வேண்டியதையே தம்பி திரும்பத் திரும்பப் பழக்கினான். முன்னால் நிற்கும் என் அணிக்காரன் என்னை நோக்கி வருவதுபோல் இரண்டடி வைத்து, சட்டென மூலைக்கு ஓடுவான். அவன் போய்ச் சேருமுன்பே அந்தக் காலி மூலைக்கு எறிய வேண்டும். நானோ அவன் சேர்ந்துவிட்டானா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். பிறகு பின்னால் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவேன்.

“வட்டுக்கு வலிக்கும்னா வச்சிருக்கிய? எறிங்கண்ணே!” என்பான் தம்பி, என் முகத்துக்கு நேரே கைகளை விரித்தபடி. “ஆறு... ஏழு... இந்த வேகத்துல பாடம் நடத்துனா பயலுவ தூங்கிருவானுவ.” மாணவர்கள் சிரிப்பார்கள்.

அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. ஐயாவிடம் இளையவன் நேரே விருப்பம் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மூத்தவன் வாயால்தான் போக வேண்டும். “நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே” என்று கேட்டிருந்தான். சொல்கிறேன் என்றிருந்தேன். அவன் போனால், கல்லூரியை விட்டுவிட்டுத் தறிக்கூடத்துக்கு நான் வர நேரும் என்பதை இருவரும் பேசவில்லை.

பத்திரம் எழுதுபவரைப் பார்க்க வந்த ஐயா, ஒரு மாலை திடலுக்கே வந்துவிட்டார். செத்த நேரம் பார்த்தார். “எம்புட்டு நாளைக்குலே இந்த வெளையாட்டு?” என்று அவனிடம் சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். “தறிக்கூடத்த இவன் பேருக்கே எழுதிரலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்லுத?”

தம்பி என்னையே பார்த்தான். பதில் சொல்ல எனக்குப் போதிய நேரம் இருந்தது.

“எழுதிருங்கய்யா. அவன் நல்லாப் பாத்துக்கிடுவான்” என்றேன்.

தம்பி அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. நான் துறைத் தலைவனாகி ஓய்வுபெற்ற விழாவில், முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினான். தறி ஓசையில் அதற்குள் ஒரு காது மந்தமாகியிருந்தது. சென்ற ஐப்பசியில் மறைந்தான்.

காரியம் முடிந்த அன்று அவன் மனைவி என்னிடம் சொன்னாள்: “அவியளுக்கு இந்த ஊர விட்டுப் போவ மனசே வரல, அத்தான். பெங்களூரு வேலையக்கூட அவியளேதான் வேண்டாம்னுட்டாவளாம். எப்பவும் சொல்லுவாவ.”

“ஆமாம்மா” என்றேன்.