காலிக் கேனோடு நடக்கும் மாதேஸ்வரி அக்கா

முதல் ஷிப்டு பஸ்கள் வரிசைகட்டி வருகிற நேரத்தில், சிப்காட் சாலையின் ஓரமாக மாதேஸ்வரி அக்கா பால் கேனைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்க்கொண்டிருப்பார். கேனில் பால் கிடையாது. வீட்டில் மாடே கிடையாது, வைத்தியத்தின்போது விற்றாயிற்று. வெறுங்கையோடு நடக்கிற பெண்ணை இந்தப் பக்கத்தில் நாலு பேராவது நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். கேன் இருந்தால் கேட்கமாட்டார்கள். அப்படியும் கேட்டால் அதைத் தூக்கிக் காட்டுவார். கன்னடக்காரருக்கு "ஹாலு." தெலுங்குக்காரருக்கு "பாலு."

"பொய்யிதான் தம்பி. ஆனா 'வாக்கிங் போறேன்'னு சொல்லிப் பாரு, மூணு பாஷையிலயும் சிரிப்பானுங்க."

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓசூரை ஒட்டிய ஒரு ரோஜாப் பண்ணையில் பதினோரு வருடம் பூ வெட்டியவர். வயிறு உப்பத் தொடங்கியபோது "கேஸு" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஒரு வருடம் விழுங்கினார். பசி போனது, சேலைக்கட்டு இறுகியது. "முள்ளு குத்துனா எங்க குத்துச்சுன்னு இருட்டுலகூடச் சொல்லிருவேன். இது எங்க வலிக்குதுன்னே கைய வெக்க முடியல." ஸ்கேன் எடுத்தபோது சூலகத்தில் புற்று. பெங்களூரில் ஆபரேஷன், ஆறு தடவை கீமோ.

நான் சாமல்பட்டிப் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இங்கே ஒரு கம்பெனியில் வேலை, அக்கா வீட்டு மாடியில் குடித்தனம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் காகிதமெல்லாம் படிக்க என்னிடம் வரும். "டிகிரி தம்பி, கீழ வாப்பா" என்று குரல் வந்தால் இங்கிலீஷ் காகிதம் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கீமோ முடிந்து வீடு திரும்பியவரைச் சொந்தபந்தம் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிரெட் பாக்கெட், ஹார்லிக்ஸ் பாட்டில். நாத்தனார் சென்னம்மாள் ராயக்கோட்டையிலிருந்து வாரம் தவறாமல் வந்து ஆட்டுக்கால் சூப் வைத்து, மேலே நெய்யை ஊற்றிவிட்டுப் போவார். ஐந்து மாதத்தில் எடை ஒன்பது கிலோ ஏறியது. உடம்பு தேறிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். பெங்களூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்குக் கொடுத்தனுப்பிய காகிதத்தைத்தான் நான் படித்துச் சொன்னேன்: உடம்புக்குள் ஓயாமல் இருக்கும் அழற்சி நல்லதில்லை, புகை, அதிக எடை, அசையாமல் கிடப்பது எல்லாம் அதைத் தூண்டலாம், இவை உள்ளவர்களில் சிலர் இந்த நோய்க்குப் பின் வாழும் காலம் குறைவதாக ஆராய்ச்சிகளில் தெரிகிறது, உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அழற்சி என்றால் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"அடுப்ப அணச்சப்புறமும் சாம்பலுக்குள்ள கனகனன்னு இருக்குமே, அதுமாதிரி?"

"ஆமாக்கா, கிட்டத்தட்ட."

 "அப்போ நாஞ்செஞ்சதாலதான் எனக்கு வந்துச்சா?" என்றார். பதினாறு வருடம் படித்த நான் காகிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து தேடினேன். அடுத்த தடவை டாக்டரம்மாவிடமே கேட்டிருக்கிறார். திரும்பி வந்ததும் மாடிக்கே ஏறி வந்து சொன்னார்: "என் தப்பு இல்லியாம். இனிமேப்பட்டது என் கையில கொஞ்சம் இருக்குதாம். எல்லாம் இல்ல, கொஞ்சம்." கட்டைவிரலைச் சுண்டுவிரல் நுனியில் வைத்து அந்தக் கொஞ்சத்தை அளந்தும் காட்டினார்.

மறுநாளே நடை ஆரம்பம். சூப் நின்றது, களியும் கீரையும் வந்தன. கணவர் கிருஷ்ணப்பனின் பீடி முதலில் வாசலுக்குப் போனது, பிறகு தெருவுக்கு. "ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு ஊது. புகைக்கும் எனக்கும் நடுவுல ஒரு லாரி போவணும்." அவர் சந்தைக்குப் போகும் கொத்தமல்லிக் கட்டுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டே முணுமுணுப்பார்: "கல்யாணமாயி முப்பது வருசமாச்சு. எங்கப்பங்கூட என்னய இப்படி வெரட்டுனதில்ல."

போன மாதம்தான் சிக்கல். புற்று திரும்புகிறதா என்று அறிய மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஓர் எண் பார்ப்பார்கள். முப்பத்தைந்துக்குள் இருந்தால் பரவாயில்லை. எப்போதும் பதினாலு, பதினைந்து என்று இருந்தது இருபத்தொன்பது ஆகியிருந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதற்குள் எதையும் முடிவுகட்ட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சென்னம்மாள் முடிவுகட்டிவிட்டார்.

"நடந்து நடந்தே ஏத்திக்கிட்ட! வவுத்தக் கிழிச்சுத் தெச்சவ ரோட்டுல ஓடுனா என்ன ஆவும்? பாக்கறவ எங்க தம்பியத்தான காறித் துப்புவா?"

"ஒங்க தம்பிக்கு ஒண்ணும் ஆவாது அண்ணி. துப்புனா தொடச்சிக்குவாரு."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. ஒரு மாசம் படுடி, கால்ல வேணாலும் உழறேன்." சொல்லிக்கொண்டே சென்னம்மாள் நிஜமாகவே குனிந்துவிட்டார்.

அக்கா அவரைக் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "படுத்தா இந்தக் காத்தாடியப் பாத்துக்கிட்டு அந்த நம்பரையே நெனச்சிக்கிட்டுக் கெடப்பேன் அண்ணி. நடக்கறப்ப பஸ்ஸு மோதாம இருக்கணும்னு மட்டுந்தான் நெனப்பு." அந்த மாதம் ஒரு நாளும் நடை நிற்கவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும், குளிக்கும்போது வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார் என்பதையும் கிருஷ்ணப்பன் என்னிடம் சொன்னார்.

மறுபரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தது திங்கட்கிழமை. அவர்களிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் ரிப்போர்ட் என் வாட்ஸப்புக்கு வரும். "வந்தா நீ தொறக்காத. எம்முன்னாடிதான் தொறக்கணும்" என்று சொல்லி வைத்திருந்தார். புதன்கிழமை விடிந்ததும் வந்தது. திறக்காமல், பனியனோடு இறங்கி ஓடினேன். நான்காவது கம்பெனியின் மதில் பக்கம் போய்ப் பிடித்தேன். மூச்சு வாங்கப் போனை நீட்டினேன். அக்கா கேனை மறு கைக்கு மாற்றினார். திரையைப் பார்த்தார், தொடவில்லை.

"இன்னும் பாதி இருக்கு. முடிச்சிட்டுப் பாக்கலாம், வா."

பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. போனைப் பார்த்தபடி தாரில் நின்றிருந்த என்னை அக்கா மணிக்கட்டைப் பற்றி மதிலோரமாக இழுத்து விட்டுவிட்டு, தான் ரோட்டுப் பக்கமாக, வேகம் குறையாமல் நடந்தார்.