ஒரு கோலி உள்ளே போனதா?

மாலையில் நான் அடுப்படியில் இருந்தபோது, என் இரண்டு வயது மகள் கோலிக்குண்டுகள் நிறைந்த போத்தலைக் கவிழ்த்துவிட்டாள். எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டேன். கழுத்துவரை இருந்த கோலிகள் இப்போது சற்று இறங்கித் தெரிந்தன.

"பாப்பா, வாயில போட்டியா?"

தலையாட்டினாள். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற வயது.

கோல சிலாங்கூரில் அந்தக் கோலிப் போத்தலை விற்ற கடைக்கார பாயைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"எண்ணியா விக்கிறோம் தங்கச்சி? அள்ளிக் கொட்டுறதுதான்லா."

என் கணவர் ஜொகூரில் இருக்கிறார். கோவிட் அவசரகாலம், மாநில எல்லை அடைப்பு, வர முடியாது. வீடியோவில் போத்தலின் அளவைக் கேட்டுக் கணக்குப் போட்டார்.

"சும்மா கொட்டுனா போத்தல்ல மூணுல ரெண்டு பங்குகூட கோலி நிக்காதும்மா, மிச்சம் இடைவெளிதான். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி அடங்கும். மட்டத்த வச்சு சொல்ல முடியாது. நூறு இருக்கலாம். அஞ்சு கூடும், அஞ்சு குறையும்."

உட்கார்ந்து எண்ணினேன். தொண்ணூற்றெட்டு.

"எனக்கு அந்த அஞ்சு வேணாங்க. ஒண்ணு போச்சா, போகலயா?"



மருத்துவமனையை அழைத்தேன். தாதி மெதுவாகச் சொன்னார்: "மூச்சு நல்லா விடுறாளா? அப்ப இப்போதைக்குக் கொண்டு வராதீங்கக்கா. இங்க நடைபாதையிலயும் கோவிட் ஆளுங்க படுத்திருக்காங்க. திணறினா உடனே வாங்க. இல்லன்னா மலத்தைப் பாத்துக்கிட்டே இருங்க."

மகள் தூங்குகிறாள். நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

காலையில் டயப்பரைப் பிரிக்கும்போது கோலி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, இருக்கக்கூடாது என்றா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.