பிறகு என்றொரு ஃபோல்டர்

அந்தச் சலவை ஆலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் படக்காரர்தான்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் ஆலை அது. படக்காரருக்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஆனால் அவர் பெயர் வாங்கியது தட்டச்சில் அல்ல. யாராவது ஓய்வு பெற்றால், யாருக்காவது பாராட்டுக் கூட்டம் நடந்தால், போட்டோக்களைக் கோத்துப் பாட்டைச் சேர்த்து ஸ்லைடு ஷோ போட அவரை விட்டால் ஆள் கிடையாது. படத்தைக் கோப்பது யாருக்கும் வரும். பாட்டில்தான் எல்லோரும் மண்ணைக் கவ்வுவார்கள். வீட்டில் ஜோராகப் பாடிய ஸ்லைடு, கூட்டத்தில் வந்து ஊமையாய் நிற்கும். ஓரத்தில் ஒலிபெருக்கிப் படம் மட்டும் அசடு வழியும்.

"பாட்டு உள்ளேயே இல்ல சார். அது இருக்கற விலாசம்தான் உள்ள இருக்கு. வேற கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனா அந்த விலாசத்துல யாரு இருப்பா?" என்று விளக்குவார். திறக்காத பாட்டுக்குக் கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றிக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வரும். "சட்டைய மாத்துனா ஆள் மாறிடுவானா?" என்பார். எந்த வடிவில் வந்த பாட்டையும் முறையாக மாற்றி, ஸ்லைடுக்குள்ளேயே புதைத்து, இரண்டு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பென் டிரைவைக் கையில் கொடுப்பார். இருபத்தாறு வருட வேலையில் அவர் போட்ட ஸ்லைடு ஒருமுறைகூட ஊமையானதில்லை. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. இருக்கட்டுமே, வேறு என்ன இருந்தது பாவம் அந்த மனுஷனுக்கு?

இன்னொரு வழக்கத்தையும் அவரே ஆரம்பித்து வைத்திருந்தார். ஆலையில் புகார் என்றால் எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது புகாரே இல்லை. எழுதத் தெரியாத தொழிலாளிகள் இவரிடம் வந்து நிற்பார்கள். வேலை நடுவே கதை கேட்க நேரமில்லை என்று, "போன்ல பேசிப் பதிவு பண்ணிக் குடுத்துட்டுப் போங்க, நான் கேட்டு அடிச்சு வைக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நல்ல ஏற்பாடுதான். நடந்தவரைக்கும் நல்ல ஏற்பாடு.

மூன்றாம் நம்பர் பிழியும் மெஷினை ஓட்டியவருக்கு நிதானம் என்று பட்டப்பெயர். தீப்பிடித்தால்கூடச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார் என்று கேலி செய்வார்கள். அவர் ஒரு நாள் மத்தியானம் தன் பழைய பட்டன் போனின் மெமரி கார்டைக் கழற்றி, நகத்தளவு இருந்த அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"ஒரு விஷயம் பேசி வெச்சிருக்கேண்ணே. அவசரம் இல்ல. ஆனா சீக்கிரம் கேட்டுடுங்க."

"அவசரமும் இல்லங்கற, சீக்கிரமும் கேக்கணுங்கற" என்று சிரித்தபடி படக்காரர் கார்டைச் செருகினார். இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது கம்ப்யூட்டர். பழைய போன்கள் பேச்சைப் பதிவு செய்யும் வடிவம் அது. அதை மாற்றுவது அவருக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் அன்று மேனேஜரின் வெள்ளிவிழாவுக்கு ஸ்லைடு தயாராகிக்கொண்டிருந்தது. மேனேஜரின் மனைவி கொடுத்தனுப்பிய பதினான்கு பாட்டுகளில் ஒன்றும் திறக்கவில்லை. நிதானத்தின் கோப்பை 'பிறகு' என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். பதினான்கு பாட்டையும் மாற்றி முடித்தார். விழாவில் மேனேஜரின் மனைவி எழுந்து நின்று கைதட்டினாள்.

இரண்டு நாள் கழித்து நிதானம் வந்து, "அண்ணே, கேட்டீங்களா?" என்றார்.

"மேல சொல்லியாச்சு, நீ போ" என்றார் படக்காரர்.

வாய் தவறி வந்த பொய்யல்ல அது. வேலை நேரத்தில் ஆளை அனுப்பி வைக்க வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பொய். அப்படி ஒன்றை நாமெல்லோரும்தான் வைத்திருக்கிறோம்.

பத்தொன்பதாம் நாள் காலை, பத்தரை மணி இருக்கும், மூன்றாம் நம்பர் மெஷின் சுழன்றுகொண்டிருந்தபோது மூடி திறந்துகொண்டது. ஈரத் துணி நிதானத்தின் கையைச் சுற்றி இழுத்தது. மெஷினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று வெளுத்த விரிப்புகளை யாரும் எங்கும் அனுப்பவில்லை. படக்காரர் ஜன்னல் வழியே பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

மறுநாள் மேனேஜர் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல இவர் அடித்தார். மெஷினைப் பற்றி முன்னதாக எழுத்து மூலம் எந்தப் புகாரும் வரவில்லை. தொழிலாளி அவசரப்பட்டு மூடியைத் திறந்ததே விபத்துக்குக் காரணம். 'அவசரப்பட்டு' என்ற சொல்லில் அவர் விரல் நின்றது.

"என்ன?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணுமில்ல சார்" என்று அடித்து முடித்தார்.

பிறகு மேனேஜர், "வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்லைடு போட்டுடுங்க. மெல்லிசா ஒரு இசை. யாரும் ரொம்ப அழாத மாதிரி இருக்கட்டும்" என்றார்.

நிதானத்தின் மனைவி ஏழெட்டுப் போட்டோக்களை ஒரு துணிப்பையில் கொண்டுவந்தாள். கடைசிப் போட்டோவை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, அவர் குரல் ஏதாவது இங்க இருக்குமா? வீட்ல போட்டோ இருக்கு, சட்டை இருக்கு. குரல்தான் இல்ல. போனும் அவர் பாக்கெட்லயே போயிடுச்சு. எத்தனை நாளைக்குண்ணே ஞாபகத்துல இருக்கும்?"

படக்காரருக்கு அப்போதுதான் அந்த ஃபோல்டர் ஞாபகம் வந்தது. "பாக்கறேம்மா" என்றார்.

அவள் போனதும் கோப்பை எடுத்தார். பாட்டுகளை மாற்றும் அதே புரோகிராமில் போட்டார். நான்கே விநாடியில் மாறிவிட்டது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

"படக்காரண்ணே, வேலையா இருப்பீங்க, தெரியும். ஒரு விஷயம் சொல்லணும். மூணாம் நம்பர்ல மூடியோட பூட்டு விழ மாட்டேங்குது. உள்ள சுத்திட்டிருக்கும்போதே திறந்துக்குது. ஃபோர்மேன்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன், எழுதிக் குடுங்கறாரு. எனக்கு எழுத்து எங்கண்ணே வருது? நீங்க எழுதி மேல குடுத்துடுங்க. யாராவது புதுசா ஒருத்தன் வந்து கைய விட்டுடப் போறான். அதுவரைக்கும் நான் பாத்து நிதானமா ஓட்டிக்கறேன்." கொஞ்சம் மெஷின் இரைச்சல். பிறகு, "இது எப்படி நிறுத்தறது?" என்று தனக்குத்தானே ஒரு முணுமுணுப்பு. ஐம்பத்தொரு விநாடி.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இது குறுகுறுப்பு இல்லை. நெஞ்சில் யாரோ காலை ஊன்றி ஏறி நின்ற மாதிரி இருந்தது. மேனேஜருக்காகப் பதினான்கு பாட்டு. இவனுக்காக நான்கு விநாடி இல்லை.

வீட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தவரிடம் மனைவி, "ஏங்க, செத்தது அவர். நீங்க ஏன் இப்படி ஆயிட்டீங்க?" என்றாள். சொன்னார். முழுதும் சொன்னார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் என்று இருவருக்கும் தெரியும்.

"அதுல உங்க பேரும் இருக்கில்ல?" என்று கேட்டாள்.

"முதல் வார்த்தையே நான்தான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசியில் அவர் பாதிக் கிணறு தாண்டினார். முதல் ஆறு விநாடியை மட்டும் வெட்டி எடுத்தார். 'படக்காரண்ணே, வேலையா இருப்பீங்க, தெரியும். ஒரு விஷயம் சொல்லணும்.' அதற்குமேல் இசை எழும்பிக் குரலை மூடிவிடும். 'தெரியும்' என்பதோடு வெட்டியிருந்தால் யாருக்கும் எதுவும் தோன்றியிருக்காது. ஏன் அந்த இன்னொரு வாக்கியத்தை விட்டுவைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளிக் கூட்டம் நடந்தது. ஸ்லைடு ஊமையாகவில்லை. நிதானம் பேசினார். யாரும் ரொம்ப அழக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார், ஆனால் தேய்ப்புப் பிரிவில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மேனேஜர் படக்காரரின் தோளைத் தட்டி, "குரல் எங்க புடிச்சீங்க? பிரமாதம்" என்றார். அந்தக் கை பட்ட இடத்தைப் படக்காரர் சாயங்காலம் வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை நிதானத்தின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே. நாலு நாளா அதேதான் காதுல கேக்குது" என்றாள். உட்காரவில்லை. "ஒரு விஷயம் சொல்லணும்னு ஆரம்பிச்சாரே. என்ன விஷயம்ண்ணே?"

அவர் இதற்குத் தயாராகத்தான் இருந்தார். இருபத்தாறு வருடத்தில் ஆலையில் யாரும் மறுத்துப் பேச முடியாத பதில் ஒன்று அவரிடம் இருந்தது.

"மீதி கெட்டுப் போச்சும்மா. பழைய போன் இல்லையா, அந்த வடிவம் சரியா திறக்கல. எவ்வளவோ பாத்தேன்."

அவள் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். தலையை ஆட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள். "உங்களாலயே முடியலன்னா வேற யாரால முடியும்? அவரே ஒரு நாள் வீட்ல வந்து சொன்னாரு. என் பேச்சக் கேட்டு மேல சொல்லிட்டாருடி படக்காரண்ணன், இனிமே சரியாயிடும்னு. எதப்பத்தின்னுதான் நான் கேக்கல. அடுப்புல வேலையா இருந்தேன்."

அவள் கதவுவரை போய்விட்டாள்.

"ம்மா, நில்லு" என்றார். "திறக்கும். பொய் சொன்னேன். நல்லாவே திறக்கும். வந்து உக்காரு."

நாற்காலியை இழுத்துப் போட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு ஒலிபெருக்கியின் திருகை முழுதும் திருப்பினார். முழுக் கோப்பையும் போட்டார். ஐம்பத்தொரு விநாடியும் அவர் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் பேச்சு நின்றது.

'இது எப்படி நிறுத்தறது?' என்று கேட்டுவிட்டு நிதானம் நின்றார்.

அவள் அழவில்லை. "இது என்னிக்குப் பேசுனது?" என்று மட்டும் கேட்டாள். தேதியைச் சொன்னார். விரலை மடக்கி எண்ணினாள்.

"பத்தொன்பது நாள்" என்றாள்.

"நான் கேக்கலம்மா. கேக்காமலே மேல சொல்லிட்டேன்னு சொன்னேன். புகாரே வரலன்னு போன கடிதமும் நான்தான் அடிச்சேன்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிடவில்லை. மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு, "என்ன நடக்குது இங்க?" என்று வந்து நின்றார். அவள் திரும்பவே இல்லை. பையிலிருந்து தன் போனை எடுத்து, கீபோர்டின் மேல் வைத்தாள்.

"எல்லார் போன்லயும் பேசற மாதிரி மாத்திக் குடுங்க" என்றாள். "எங்க கொண்டு போய்ப் போட்டாலும் பேசணும்."

"அத நிறுத்துங்க" என்றார் மேனேஜர்.

படக்காரர் கோப்பை இன்னொரு முறை புரோகிராமில் போட்டார். முதல் வார்த்தையை வெட்டவில்லை. நான்கு விநாடி ஆயிற்று. தன் கம்ப்யூட்டரில் ஒருமுறை, அவள் போனில் ஒருமுறை என்று வழக்கம்போல இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு அவள் கையில் கொடுத்தார்.