குனிந்திருந்தவள் பார்த்த கால்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூர் சாமுண்டி மலைக்கு நானும் என் கணவரும் படியேறிப் போனோம். அவருக்கு நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை. கிடைப்பது அந்த ஒரு நாள் லீவுதான். எனக்கோ வீட்டைப் பூட்டிக் கிளம்பினாலே எதற்கெடுத்தாலும் பயம்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர், "அம்மனைப் பார்த்துட்டுத்தான் சாப்பாடு" என்று இட்லியைத் தொடவில்லை. ஊசிக்குப் பிறகு சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் வழியெல்லாம், "மயக்கம் வருதா, செத்த உக்காருங்க" என்று நச்சரித்துக்கொண்டே வந்தேன். பாதி மலையில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"உன் பயத்த நீயே தூக்கிட்டு மெதுவா வா. நான் நந்திகிட்ட நிக்கறேன்" என்று விடுவிடுவென்று ஏறிவிட்டார். இட்லி, தண்ணீர், அவர் போன் எல்லாம் என் பையில்.

நந்தி சிலையருகே அவர் இல்லை. அங்கே தார்ரோடு வேறு குறுக்கே வருகிறது. மேலே ஏறினாரா, ரோட்டுப் பக்கம் போய் எங்காவது விழுந்து கிடக்கிறாரா?

ரோட்டைத் தாண்டிய படிகளில் ஒரு பெண் குனிந்து, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுதல். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் நீலச் சட்டை, மீசை என்று ஏதோ உளறினேன்.

"தமிழ்லயே சொல்லுங்கக்கா, நமக்குத் தமிழ்நாட்டு எல்லையோரம் கொள்ளேகால்தான். சட்டையும் மீசையும் ஆரு பாத்தா? குனிஞ்சிருக்கறவளுக்குக் காலுதான் தெரியும். காலு எப்பிடியிருக்கும்?"

"வலது கால் கட்டைவிரல்ல புண்ணுக்குத் துணி சுத்தியிருக்கும்."

"அந்தக் காலா? மேலதான் போச்சு. தடுமாறி, வெச்ச குங்குமத்த மிதிச்சிட்டுப் போச்சு. திட்டக்கூடத் திட்டுனேன். திரும்பி எறங்கலீங்க."

"அவருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம வந்திருக்காரு" என்று நான் சொன்னதும், அவள் கிண்ணத்தை அந்தப் படியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

"உன் வேண்டுதல் பாதியில நிக்குதேம்மா."

"அம்மா எங்கீயும் போயிர மாட்டா. வாங்க."

வளைவு தாண்டியதும் அவர் தெரிந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். நந்தியைத் தாண்டி வந்ததே அவருக்குத் தெரியவில்லை; பேச்சு குழறியது. நான் பையைத் திறக்கத் தடுமாறுவதற்குள், அம்மனுக்குப் படைக்கத் தன் மடியில் வைத்திருந்த வெல்லத்தை அவள் உடைத்து அவர் வாயில் வைத்தாள். பிறகு இட்லியை ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "வையறதுன்னா வீட்டுக்குப் போய் வை" என்றார்.

"பேச்சு வந்திருச்சு. இனிப் பயமில்லீங்கக்கா" என்று சிரித்தபடி, விட்ட படிக்கே இறங்கிப் போனாள் அவள்.

பேரைக்கூடக் கேட்கவில்லை. என் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அதை வைத்து அவரையே நச்சரிக்காமல், முன்பின் தெரியாதவரானாலும் பக்கத்தில் இருப்பவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன்.