அட்டையில் இருந்த வயது

என் மனைவியின் தொடையில் இருந்த கட்டியைக் கண்டியில் வெட்டி எடுத்தார்கள். தசையில் வருகிற புற்றுநோய் என்றார்கள். அடுத்த தடவை போகும்போது அவள் மனதில் ஒரே கேள்விதான். மகள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் தங்கிப் படிக்கிறாள். படிப்பு முடியும்வரை கல்யாணம் கட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். தாய் இருக்கும்போதே கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் படிப்பை நிறுத்த வேண்டும்.

"நான் எவ்வளவு காலம் இருப்பேன் டாக்டர்? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க," என்றாள். நான் சட்டைப் பைக்குள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரும் எங்களைப் போலத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கட்டியின் அளவு, வகை, வளரும் வேகம், நோயாளியின் வயது எல்லாம் போட்டால், இப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் சில வருடம் கழித்தும் இருப்பார்கள் என்று அது கணக்கிடுமாம். அடையாள அட்டையைப் பார்த்து வயதை அடித்தார்.

"ஐயோ டாக்டர், அது தோட்டத்துல பேர் பதியச் சொன்ன வயசு. கொழுந்து எடுக்குற வேலை கெடைக்க அப்பா கூட்டிப் போட்டாரு. கோயில்ல ஞானஸ்நானம் எழுதினதுதான் சரி. நாலு வயசு கொறைங்க."

நான் அவள் காலை மிதித்தேன். வயது மாறினால், சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாபப் பணத்துக்குச் சிக்கல் வந்துவிடுமோ என்று பயம்.

"என்னங்க மிதிக்கிறீங்க? அந்தக் காசை வாங்க மொதல்ல நான் இருக்கணும்ல?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எங்க அம்மாவுக்கும் அட்டையில ஒண்ணு, நெசத்துல ஒண்ணுன்னு ரெண்டு வயசு இருக்குக்கா."

மாற்றி அடித்தார். நூறில் பாதிக்கு மேல் காட்டிய எண் இன்னும் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். அதற்கே நான் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

"நூறுல எத்தனை பேருன்னுதான் இது சொல்லும். நீங்க எந்தப் பக்கம்னு இதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கதிர் சிகிச்சை எடுத்தா அதே எடத்துல திரும்ப வர்றது கொறையும். அதை விட்டுறாதீங்க."

அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். "மக படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். அதுவரைக்கும் துணிஞ்சு காத்திருக்கலாம்," என்றாள்.

வீடு திரும்பும் வழியில் பஸ் கினிகத்தேனையில் நின்றபோது மகளுக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"அழுவாத புள்ள. கல்யாணத்துக்கு ஒரு அவசரமும் இல்ல. பரீட்சைக்குப் படி. நான் கண்டியில போய்க் கதிர் சிகிச்சைக்குப் படுக்கப்போறேன். அப்பாவுக்குச் சோறு பொங்கத் தெரியாது, லீவுக்கு வர்றப்ப சொல்லிக்குடு."